பெயர்ப் பலகை இல்லாத நிலையம்

கஜபதி விசிலை ஊதிவிட்டார். இனி இக்கூடத்தில் உள்ள நாற்பது பேரும் தம் வயதை மறந்துவிடுவார்கள். திரையில் அபாயச் சங்கு ஒலித்து ஓய்ந்த மறுகணம், தொலைபேசித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஊழியம் பார்த்து ஓய்வு பெற்ற இந்த மனிதர் போர்க்காலக் காவலரின் தகரத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு எழுந்து, விளக்கை அணை, விளக்கை அணை என்று வரிசை வரிசையாக நடந்து அதட்டுவதும், அவர்கள் கைப்பேசிகளை அணைத்து மடியில் கவிழ்ப்பதும், ஜன்னலோரத்தில் இருப்பவர்கள் கறுப்புத் துணியை இழுத்துவிடுவதும், பிறகு எல்லாருமாகத் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனிந்து சிரிப்பதும் பதினோரு ஆண்டுகளாக நடக்கின்றன; பதினோரு ஆண்டுகளும் நான் நிமிர்ந்தே உட்கார்ந்திருக்கிறேன். மேடம் குண்டுக்கே பயப்படாதவங்க, ஜப்பான்காரன் இவங்களைப் பார்த்துத்தான் திரும்பிப் போயிட்டான், என்று கஜபதி ஆண்டுதோறும் அதே சொற்களில் சொல்வார். அவர்களும் முதன்முறை கேட்பவர்களைப் போலச் சிரிப்பார்கள். துணி இறங்கியதும் காற்று நின்றுவிடும். ஏப்ரல் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி, சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு நூலகத்தின் மாடி, ஆண்டுக்கொருமுறை ஒரே பழைய படத்தைப் பார்க்கும் ரசிகர் வட்டம்; வெங்காய சமோசாவின் எண்ணெயும் தலைவலித் தைலமும் நாற்பது உடல்களின் வியர்வையும் ஒன்றாகக் கலந்து தொண்டைக்குள் இறங்குகின்றன. எனக்கு அருகில் ரெஜினா, ராயபுரத்து ஓய்வு பெற்ற நர்ஸ், தன் பங்கு சமோசாவைக் காகிதத்தோடு பிசைந்துகொண்டே அழத் தயாராகிறாள். இன்னும் அழவேண்டிய காட்சி வரவில்லை. அவளுக்கு அந்தக் கவலை இல்லை.

படத்தின் பெயர் பட்டணக் காவல். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு. பதினோராயிரம் அடிக்கு மேல் படச்சுருள் செலவிடக்கூடாது என்று அரசாங்கம் கட்டளையிட்டிருந்த காலம். அந்தக் கட்டளைக்கு நான் நன்றியுள்ளவள், இல்லாவிட்டால் இந்த அபத்தம் இன்னும் ஒரு மணி நேரம் நீண்டிருக்கும். அரிசியைப் பதுக்கும் வியாபாரிக்கு முறுக்கு மீசை. ரேஷன் வரிசையில் நிற்கும் பெண்கள் வரிசையின் பெருமையைப் பற்றிப் பாடுகிறார்கள், பட்டுச் சேலையில். குண்டு விழுந்தால் தப்பிவிடும் என்று உயிர்க்காட்சிச் சாலையின் சிங்கங்களைக் கூண்டுக்குள்ளேயே நிற்கவைத்துச் சுட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. தலைமையாசிரியர் சபாபதி மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு பட்டணத்தை விட்டுப் புறப்படுகிறார்; பார்வையற்ற தங்கை வீட்டைக் காத்துக்கொண்டு இருக்கிறேன் என்று சிரித்த முகத்தோடு சொல்லிக் கதவருகே நிற்கிறாள். சிரித்த முகத்தோடு. அந்த முகத்தை எழுதியவனையும் நடித்தவளையும் கைதட்டுகிறவர்களையும் ஒரே கூடையில் போட வேண்டும். தங்கை ஒருத்தி இருட்டில் உட்கார்ந்து விருத்தம் பாடுகிறாள், இந்த நாற்பது பேரும் கூடவே பாடுகிறார்கள், சுருதி சேராமல், கண்ணீரோடு. கண்ணீர் இவ்வளவு மலிவாகக் கிடைப்பது எனக்கு அருவருப்பாக இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் பெண்கள் கல்லூரியில் வரலாறு கற்பித்தேன். விடைத்தாளில் உணர்ச்சி வசப்பட்டவளுக்கு நான் ஒருபோதும் மதிப்பெண் கொடுத்ததில்லை. சான்று எங்கே என்பேன். நீ பார்த்தாயா, பார்த்தவர் எழுதியதைப் படித்தாயா, எங்கிருந்து பார்த்தார் அவர், என்பேன். அவர் நின்ற இடத்திலிருந்து அது தெரியுமா.

பிறகு ஏன் போகிறாய் என்று என் மகன் கேட்பான். வருவதற்குக் காரணம் ஒன்பது நிமிடங்கள். ரயில் புறப்படும் இடத்தில் இப்படத்தின் ஒரு சுருள் காணாமற்போய்விட்டது. சபாபதி பெட்டியில் ஏறி உட்கார்வார், படம் ஒரு குதி குதிக்கும், அடுத்த காட்சியில் தங்கை கிராமத்து வீட்டுக் கூடத்தில் பூத்தொடுத்துக்கொண்டிருப்பாள். எப்படி வந்தாள், யார் கொண்டுவந்தார், எவருக்கும் தெரியாது. கஜபதி வைத்திருக்கும் பழைய பாட்டுப் புத்தகத்தில் கதைச் சுருக்கமும் அதே இடத்தில்தான் நிற்கிறது, தங்கையை அண்ணன் மறந்தானா என்று கேட்டுவிட்டு, விடையைத் திரையில் பாருங்கள் என்கிறது. இந்த வட்டத்தில் அப்படத்தை வெளியான காலத்திலேயே கொட்டகையில் பார்த்தவள் நான் ஒருத்திதான். எட்டு வயது. என்ன இருந்தது அந்தச் சுருளில் என்று முதல் ஆண்டு என்னைக் கேட்டார்கள். நேர்மையாகச் சொன்னேன்: சங்கு ஒலித்ததும் இடைவேளையில் குடித்த கோலி சோடாவும் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் என் வீட்டில் நடந்தது நினைவிருக்கிறது என்றேன். சொன்னேன். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சுருள் அறுந்த இடத்தில் படத்தை நிறுத்துவார்கள், விளக்கைப் போடுவார்கள், நான் எழுந்து நிற்பேன். மேடத்தின் ஒன்பது நிமிடம் என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நாற்பத்திரண்டு ஏப்ரலில் ஜப்பான் குண்டுக்குப் பயந்து பட்டணமே காலியானபோது, என் அப்பா, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர், எங்களை ரயிலில் ஏற்றிவிட்டு, வீட்டைக் காக்க நிறுத்திய தன் தங்கையை நினைத்து மனம் பொறுக்காமல், வில்லிவாக்கத்தில் இறங்கித் திரும்பி நடந்தார். செருப்பைக்கூட மாட்டவில்லை. கையில் குடை இருந்தும் அந்த வெயிலில் விரிக்கவில்லை. அத்தை காய்ச்சலில் கிடந்தாள். பன்னிரண்டு நாள் அருகில் இருந்து கஞ்சி கொடுத்து, கடைசியில் தகனம் செய்துவிட்டு எங்களிடம் வந்து சேர்ந்தார். நான் ஒப்பனை இல்லாமல்தான் சொல்வேன். அவர்களுக்கு மனப்பாடம், குடை இருந்தும் என்று நான் தொடங்குவதற்குள் பின்வரிசையில் உதடுகள் அசையும். அருவருப்பாக இருக்கும். இருந்தாலும் அந்த ஒன்பது நிமிடங்களில் என் அப்பா இந்தக் கூடத்தில் நடப்பார், அதற்காக சமோசா வாசனையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இன்று அதுவும் இல்லை. சுருள் கிடைத்துவிட்டது. முதல் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் குலவீரசிங்கம் என்ற யாழ்ப்பாணத்துக்காரர், அவருடைய மாமாவின் கொட்டகையில் எஞ்சிய தகரப் பெட்டி ஒன்றிலிருந்து கண்டெடுத்து, கழுவி, குறுந்தகட்டில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். படியேறி வந்த என்னிடம், அம்மா, இவ்வளவு காலமும் நீங்கள் நிரப்பின இடம், இண்டைக்கு நீங்கள் ஆறுதலா இருந்து பாருங்கோ, என்று கைகூப்பினார். பதவி ஓய்வு விழாவில் மாலை போட்டபோது எனக்கு இருந்த அதே எரிச்சல். ஆறுதலாக இருக்க நான் கேட்டேனா. நாங்கள் வீட்டைக் காக்க விட்டுவந்த தையல்நாயகி அத்தைக்கு இடது கால் சூம்பியிருக்கும். தரையில் இழுபடும் அந்தக் காலின் ஓசை கேட்டுத்தான் நான் காலையில் விழிப்பேன். ரயிலில் இடம் இல்லை, ஏற முடியாது, பத்தே நாள், தெருவே இருக்கிறது துணைக்கு, என்று பெரியவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். அவள் பேசவில்லை. சிரித்த முகமும் இல்லை. என் பின்னலை அவிழ்த்து மறுபடி இறுக்கமாகப் பின்னினாள், தலை வலித்தது, அவ்வளவுதான். சென்ட்ரலில் கூட்டம், தகரப் பெட்டிகள், அம்மிக்கல், ஒருவர் தையல் இயந்திரத்தைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். மூன்றாம் வகுப்பில் என்னை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினார்கள். பிறகு தூங்கிவிட்டேன். குடியாத்தத்தில் பெரியம்மா என்னைத் தூக்கி இறக்கி, கன்னத்தில் என்னடி வளையம் போட்டுக்கிட்டு வந்திருக்கே என்று சிரித்து முந்தானையால் தேய்த்தாள். குடைப்பிடி அழுந்திய தடம், போக இரண்டு நாள் ஆயிற்று. புளியமரம். உப்புத் தண்ணீர். யாரோ இறந்த செய்தி சொன்ன ஒரு தபால் கார்டு; வாசலிலேயே நின்று படித்துக் கிழித்து ஓடையில் போட்டார்கள், நான் துண்டுகளை எடுக்கப் போனேன், பெரியம்மா முதுகில் அறைந்தாள். ஜூலையில் திரும்பினோம். காலை இழுக்கும் ஓசை இல்லாத வீட்டில் நான் நெடுநேரம் தூங்கினேன்.

அந்த அப்பாவைக் கொண்டுதான் பிறகு எல்லாரையும் அளந்தேன். என் கணவர் நல்லவர் என்று ஊரே சொல்லும். தன் நண்பர் ஒருவரைப் பொய்க் குற்றத்தில் வேலைநீக்கம் செய்தபோது கையெழுத்துப் போடாமல் தப்பித்துக்கொள்ள மூன்று நாள் விடுப்பில் போனார். திருப்பதிக்குப் போனார். லட்டுக் கையோடு திரும்பி வந்தவருக்கு நான் கதவைத் திறந்தேன், அன்றிலிருந்து முப்பத்தோர் ஆண்டுகள் அவரோடு ஒரே வீட்டில் இருந்தேன், என் அப்பா வில்லிவாக்கத்தில் இறங்கினார் என்று ஒரே ஒரு முறை சொன்னேன். ஒரு முறை போதும். இறக்கும்வரை அவர் என் எதிரில் செருப்பு மாட்டும்போது தலை குனிந்தே மாட்டினார். மகனுக்கும் அதே அளவுகோல்தான். அதனால்தான் தொலைபேசியில் அவன் குரல் எப்போதும் விடுப்பு விண்ணப்பம் எழுதுபவனுடையதாக இருக்கிறது. ரெஜினா மூக்கை உறிஞ்சுகிறாள். சபாபதி பெட்டியில் ஏறிவிட்டார். வழக்கமாக இங்கே படம் குதிக்கும். குதிக்கவில்லை. ரயில் நகர்கிறது, கோடுகளும் புள்ளிகளுமாக, மழையில் நனைந்ததுபோன்ற ஒரு சாம்பல் வெளிச்சம், கூடம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, நான் பிடிக்கவில்லை, நான் இவர்களில் ஒருத்தி இல்லை, என் மடியில் கைப்பை இருக்கிறது, அதன் வாரை ஏன் இப்படி முறுக்குகிறேன். சபாபதி எழுந்து நிற்கிறார். இருக்கைப் பலகைக்கு அடியில் செருப்புகள் கிடக்கின்றன. படப்பிடிப்புக் கருவி அவற்றை ஒரு கணம் பார்க்கிறது. வண்டி ஒரு நிலையத்தில் நிற்கிறது. அவர் இறங்குகிறார். மனைவியின் கை ஜன்னலுக்கு வெளியே நீள்கிறது. பின்வரிசையில் யாரோ, மிக மெதுவாக, செருப்பைக்கூட மாட்டவில்லை, என்றார்கள்.

வெறுங்காலோடு நடக்கிறார். தண்டவாளத்தின் ஓரமாக. இடக் கையில் குடை. இடக் கை, என் அப்பாவும் இடக் கையில்தான், பதினோரு ஆண்டுகளாக இடக் கை என்றுதான் சொல்லியிருக்கிறேன். குடை விரியவில்லை. ஏன் விரியவில்லை என்று இப்போது தெரிகிறது: விரித்தால் நடிகரின் முகத்தில் நிழல் விழும், இயக்குநருக்கு முகம் வேண்டும். நான் அதைத் துயரத்தின் அடையாளம் என்றேன். வெயிலைத் தனக்கே தண்டனையாக ஏற்றார் என்று ஒருமுறை கல்லூரியில்கூடச் சொன்னேன், முதலாண்டுப் பெண்கள் எழுதிக்கொண்டார்கள். அந்த நிலையத்தில் பெயர்ப் பலகை இல்லை. என் நினைவிலும் இல்லை. பகைவன் படிக்கக்கூடாது என்று ஊர்ப் பெயர்களைத் தார் பூசி அழித்திருந்தார்கள் என்று ஒரு கட்டுரையில் எழுதினேன், அடிக்குறிப்பில் சான்றாக நேரில் கண்டது என்று போட்டேன், எந்த ஆவணத்திலும் அது அகப்படாதபோது ஆவணங்களைத்தான் குறை சொன்னேன். இது ஸ்டூடியோவில் மூங்கிலும் சாக்கும் கொண்டு கட்டிய நிலையம். பெயர் எழுத அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. சபாபதி நம்மை நோக்கி நடந்து வருகிறார், அவருக்குப் பின்னால் ரயில் சிறுத்துச் சிறுத்துப் போகிறது, முகம் பெரிதாகிறது, நெற்றியில் வியர்வை, உதடுகள் இறுகியிருக்கின்றன. இந்த முகத்தை எனக்குத் தெரியும். அறுபத்தெட்டு ஆண்டுகளாக என் அப்பாவின் முகம் என்று நான் கண்ணை மூடிப் பார்த்த முகம் இது, நெற்றி மட்டும் அவருடையது, மீதி இந்த மனிதனுடையது. நான் ரயிலுக்குள் இருந்தேன். ரயில் போய்க்கொண்டிருந்தது. திரும்பி நடக்கும் ஒருவரின் முதுகைத்தான் நான் பார்த்திருக்க முடியும். எங்கிருந்து பார்த்தார் அவர் என்று எத்தனை பெண்களை நிற்கவைத்துக் கேட்டேன். இந்தக் கொட்டகையில், இல்லை, அந்தக் கொட்டகையில், என் இடப்பக்கம் அப்பா உட்கார்ந்திருந்தார், அங்கவஸ்திரத்தை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார், அம்மா அவர் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எட்டு வயதில் ஆண்கள் அழுவதைக் கண்டு எனக்கு அருவருப்பாக இருந்தது. அதனால் திரையையே பார்த்தேன்.

நேராகக் கிராமத்து வீட்டுக்குப் போயிருக்கவேண்டிய படத்தைச் சுருள் முடிந்த இடத்தில் நிறுத்தினார்கள், பழக்க தோஷத்தில். விளக்கு எரிந்தது. பிறகு கைதட்டல், ஆனால் திரையைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. நாற்பது பேரும் திரும்பி உட்கார்ந்து என்னைப் பார்த்துத் தட்டுகிறார்கள். ரெஜினா எண்ணெய்க் கையால் என் கையைப் பற்றி, உங்க அப்பாவை இன்னைக்குக் கண்ணால பார்த்துட்டோம்மா, என்று விம்முகிறாள். ஒரு கணம் எனக்குப் புரியவில்லை. எவனாவது ஒருவன் என்னைப் பொய்க்காரி என்று சொல்வான் என்று கைப்பை வாரை முறுக்கிக்கொண்டு காத்திருந்தேன், சொல்லவில்லை. கஜபதி தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஒலிவாங்கியோடு வந்துவிட்டார். நண்பர்களே, செருப்பு, குடை, தண்டவாளம், ஒண்ணுகூடத் தப்பலே, படம் எடுத்தவன் யாரைப் பார்த்து எடுத்தான்னு இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு, நாற்பத்திரண்டுலே நடந்திருக்கு, நாற்பத்து நாலுலே எடுத்திருக்கான், நம்ம மேடம் அப்பாவோட கதைதான் பட்டணக் காவல், என்கிறார். மீண்டும் கைதட்டல். ஆண்டு எண்களை வரிசையாக வைத்தால் வரலாறு ஆகிவிடும் என்று நம்புகிற நாற்பது பேர். இவர்களை எப்படி இகழ்வேன், அறுபத்தெட்டு ஆண்டுகள் அதைத்தானே நானும் செய்தேன். குலவீரசிங்கம் எழுந்து, இவ்வளவு பெரிய சாட்சி இருக்கேக்க வேறென்ன வேணும், நீங்கள் ஓமெண்டு ஒரு சொல்லுச் சொன்னால் காணும் அம்மா, ஆண்டு மலரின்ர முதற்பக்கத்தில உங்கட ஐயாவின்ர படத்தோட போட்டிடலாம், என்றார்.

ஓம் என்று சொல்லலாம். என்னைத் தவிர உயிரோடு இருப்பவர் எவரிடமும் மாற்றுச் சான்று இல்லை. வில்லிவாக்கம் என்று முதலில் சொன்னது அம்மாவா, இப்போது சொல்ல முடியவில்லை. படம் பார்த்து வந்த பிறகுதான் அது வந்தது, அதற்கு முன்னால் எங்கள் வீட்டில் அந்த ஊர்ப் பெயரே பேச்சில் அடிபட்டதில்லை. நேற்று கொட்டகையில் அழுதவர் அன்று நிஜமாகவே இறங்கியிருப்பார் என்று அவள் நினைத்திருக்கலாம், அல்லது எனக்காகச் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் திருத்தவும் இல்லை. நான் அதைப் பேசும்போது அப்பா அறையை விட்டு எழுந்து போவார்; தற்பெருமை பிடிக்காதவர் என்று எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு நாள் கஞ்சி கொடுத்தார் என்பது எங்கிருந்து வந்தது. அந்தக் கார்டு. ஓடையில் மிதந்த துண்டுகளில் பச்சை மை இருந்தது. பட்டணத்தில் எங்கள் எதிர்வீட்டு மருந்துக் கடைக்காரர் ஒருவர்தான் பச்சை மையில் எழுதுவார். வாசலில் நின்று படித்தவர் வேட்டியை ஒரு கையால் பிடித்திருந்தார், அப்பாவின் வேட்டி, அப்பாவின் கை. அத்தையின் அருகில் இருந்தவருக்கு அத்தை இறந்த செய்தியை யார் கார்டில் எழுதுவார்கள். போதும். இன்னும் அடியில் ஒன்று இருக்கிறது, அதைத் தேடவேண்டிய அவசியமே இல்லை, கன்னத்திலேயே இருக்கிறது. ரயில் முழுதும் நான் தூங்கினேன். எதன்மேல் தூங்கினேன். அப்பாவின் முழங்கால்களுக்கு நடுவே நட்டிருந்த குடையின் பிடிமேல். குடியாத்தத்தில் இறங்கும்போது அந்தத் தடம் புதிதாக இருந்தது, பெரியம்மா தேய்த்தாள். குடை ரயிலை விட்டு இறங்கவே இல்லை. இரண்டு நினைவையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு, ஒருநாளும் ஒன்றின் பக்கத்தில் மற்றொன்றை வைத்துப் பார்க்காமல், ஒரு மனிதரைச் செருப்பு மாட்டும்போதெல்லாம் தலை குனியவைத்தேன்.

எழுந்து நின்று ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டேன். பின்வரிசையில் உதடுகள் அசையத் தயாராயின. "என் அப்பா ரயிலை விட்டு இறங்கவில்லை," என்றேன். கஜபதி சிரிக்க முயன்றார். மேடம், வில்லிவாக்கத்துலே, என்று தொடங்கினார். எங்களோடு குடியாத்தம் வரை வந்தார் என்றேன். நான் உங்களுக்குச் சொன்னதெல்லாம் இந்தச் சுருளில் பார்த்தது, என் வீட்டில் பார்த்தது அல்ல. தெரியாமல் சொன்னேன், ஆனால் தெரிந்துகொள்ளாமல் இருந்ததற்கு நானே பொறுப்பு. ரெஜினாவின் கை என் கையிலிருந்து நழுவியது. அவளுக்கு இப்போது என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கும், இருக்கட்டும், நியாயம்தான். கஜபதி என் முகத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப, அந்த அத்தைக்கிட்டே யாரு மேடம் போனாங்க?"

"யாரும் போகவில்லை. அவள் பெயர் தையல்நாயகி. மலரில் போடுவதானால் இதைப் போடுங்கள்."

உட்கார்ந்தேன். மீதிப் படத்தை ஓட்டுங்கள் என்றேன். குலவீரசிங்கம் எழுந்து போய் விளக்கை அணைத்தார். கஜபதி தகரத் தொப்பியோடு நின்ற இடத்திலேயே நின்றார். திரையில் கிராமத்து வீட்டுக் கூடம் வந்தது. பார்வையற்ற தங்கை மடியில் பூவை வைத்துத் தொடுத்தபடி, காலடி ஓசை கேட்டு, அண்ணா வந்துவிட்டாயா என்று சிரித்தாள். வழக்கமாக அந்த இடத்தில் எல்லாரும் கைதட்டுவார்கள்.